முடியல என்றவர்

குருவுக்கு முப்பத்துச் சொச்சம் வயது. சீடருக்கு ஐம்பது தாண்டித் தலை முழுக்க வெள்ளை. ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. பேத்தி எடுக்கிற வயதில் இவனுக்கு ஓட்டம் கேட்கிறதா என்று நாச்சிமுத்துவின் காதுபடவே பேசினார்கள். பேசினால் பேசட்டும் என்று அவர் அரைக்கால் டவுசரை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் வாய்க்கால் மேட்டுக்குப் போய்விடுவார்.

அங்கே ஸ்டெல்லா இருப்பாள். ஒரு காலத்தில் மாநில அணிக்காக ஓடியவள். முழங்கால் போனபிறகு, ஓட ஆசைப்படுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். வயதில் மூத்த நாச்சிமுத்துவும் அப்படித்தான் கூப்பிடுவார். 'ங்க' போடாமல் ஒருநாளும் அவளிடம் பேசியதில்லை. அவள் அவரை அண்ணா என்பாள்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு சட்டம். 'முடியல' என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. வந்துவிட்டால், பக்கத்தில் ஓடுகிறவர் யாராக இருந்தாலும் 'முடியும்' என்று கத்த வேண்டும். சொன்னவரும் சிரித்துக்கொண்டே காலைத் தூக்கிப் போட்டு ஓடுவார். இது பழகிப் பழகி, ஒருநாள் வீட்டில் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு முடியல என்றபோதும் நாச்சிமுத்து 'முடியும்' என்று கத்திவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கூட்டத்துக்குப் பனியன் அடித்தபோது முதுகுப் பக்கம் அதையே கொட்டை எழுத்தில் போட்டார்கள். முடியும்.

மலைமேல் நடக்கிற மாரத்தானுக்கு அந்த வருஷம் கூட்டத்திலிருந்து ஏழெட்டுப் பேர் போனார்கள். முதல் தடவையாக முழுத் தூரம் ஓடுகிறவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் நாச்சிமுத்து. இன்னொருவர் சைக்கிள் கடை திருமூர்த்தி. நாச்சிமுத்துவைத் தினமும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவர்தான். இரண்டுமே வெயிலில் ஓடிக் கறுத்த உடம்புகள். மலையில் வெயில் இருக்காது, நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் சுகமாகப் போய்விடலாம் என்று இருவரும் நினைத்தார்கள். நினைப்புக்கு என்ன, அது பாட்டுக்கு நினைக்கும்.

அன்றைக்கென்று பார்த்து அடைமழை. மழைகூடப் பரவாயில்லை, அதோடு வந்த காற்றுதான் ஆளை வதைத்தது. பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூடுபனியில் முன்னால் ஓடுகிறவர் தெரியவில்லை. தண்ணீர்ப் பந்தலில் வாழைப்பழம் கொடுத்தார்கள். நாச்சிமுத்துவுக்கு விரல்கள் மடங்கவில்லை, தோலை உரிக்க வரவில்லை. பந்தலில் நின்ற பெண்ணொருத்தி உரித்து வாயில் ஊட்டிவிட்டாள். அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

ஆனாலும் நிற்கவில்லை. குறித்த நேரத்துக்குள் முடிவுக் கோட்டைத் தாண்டாதவர்களுக்குப் பதக்கம் கிடையாது. பத்தாவதைப் பாதியில் விட்டவர், மளிகைக் கடையைத் தொடங்கிப் பாதியில் மூடியவர், குடியிருக்கிற வீட்டுக்கு இன்னும் வெளிப்பூச்சு பூசாதவர். ஒன்றையாவது முழுசாகச் செய்துவிட வேண்டும் என்று அவருக்கு வீம்பு.

முக்கால் தூரம் தாண்டி, தைலமரங்கள் நிற்கிற ஒரு வளைவில், சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் திருமூர்த்தி உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் அக்குளில் செருகியிருந்தார்.

"அண்ணா, முடியல" என்றார்.

"முடியும்" என்று கத்தினார் நாச்சிமுத்து. தோளில் ஒரு தட்டுத் தட்டி, எந்திரிங்க, பின்னாடியே வாங்க என்று சொல்லிக்கொண்டே ஓடினார். திருமூர்த்தி சிரித்த மாதிரிதான் இருந்தது. நின்று பார்க்க நேரமில்லை.

அவர் கோட்டைத் தாண்டும்போது கொஞ்சம் நேரம் மிச்சமிருந்தது. ஸ்டெல்லா துண்டைப் போர்த்திவிட்டு, பதக்கத்தை வாங்கி அவர் கழுத்தில் போட்டாள். திருமூர்த்தி எங்கே என்று கேட்டாள். பின்னாடியே வர்றாருங்க மாஸ்டர் என்றார் இவர். மனசில் ஒரு துளி சந்தேகமில்லை. சூடாக டீ வாங்கிக் குடித்தார். பதக்கத்தைப் பல்லில் கடித்தபடி படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை.

பின்தங்கியவர்களை ஏற்றிக்கொண்டு வருகிற வண்டி அந்த வளைவுக்கு வந்தபோது, திருமூர்த்தி சுவரிலிருந்து சரிந்து ஓடைப் பக்கம் கிடந்தார். ஈரத்தோடு அசையாமல் உட்கார்ந்ததில் குளிர் உள்ளே இறங்கிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உயிர் அடங்கிவிட்டது.

திருமூர்த்தியின் மனைவி தெய்வானை அழுததைவிடக் கேட்டதுதான் அதிகம். துக்கத்துக்கு வந்த ஓட்டக்காரர்கள் ஒவ்வொருவரையும் பிடித்து ஒரே கேள்வியைக் கேட்டாள். அவரைக் கடைசியாகப் பார்த்தது யார், அவர் என்ன சொன்னார். ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருவர், பந்தல் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

கருமாதியன்று அவராலும் தப்ப முடியவில்லை. தெய்வானை நேராக எதிரில் வந்து நின்றாள்.

"உங்களத்தான் அவரு சொந்த அண்ணனாட்டம் நெனச்சாருங்க. கடைசியா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"நான் அவரப் பாக்கவே இல்லை அம்மிணி."

சொல்லிவிட்டு, பந்தியில் இலைக்கு முன்னால் உட்காரவும் செய்தார். பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. தான் விலகி ஓடுகையில் திருமூர்த்தி தன் முதுகைத்தானே பார்த்துக்கொண்டிருந்திருப்பார், அந்த முதுகில் என்ன எழுதியிருந்தது என்றே திரும்பத் திரும்ப நினைத்தார். பனியனைச் சுருட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டார். பதக்கத்தையும் அங்கேயே போட்டார். எங்கே போட்டால் என்ன, கண்ணை மூடினால் அந்த வளைவு வந்து நின்றது.

கடைசியில் வாய்க்கால் மேட்டுக்கே போனார். ஸ்டெல்லா தனியாக இருந்தாள். ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. சுவரில் உட்கார்ந்திருந்ததையும், முடியல என்றதையும், தான் கத்தியதையும், தெய்வானையிடம் பொய் சொன்னதையும் ஒன்றுவிடாமல் அவளிடம் கொட்டினார்.

"அந்தச் சட்டத்தைப் போட்டவ நான்" என்றாள்.

"தெய்வானைகிட்ட உள்ளதச் சொல்லிரணுங்களா மாஸ்டர்? அந்தப் பிள்ளை தாங்குமா?"

"என்னன்னு சொல்வீங்க?"

"முடியலன்னு சொன்னாருன்னு."

"அப்படின்னா?"

நாச்சிமுத்து விழித்தார். இதென்ன கேள்வி. முடியல என்றால் முடியல. ஆனால் யோசிக்க யோசிக்க அது ஒரு சொல்லாக நிற்கவில்லை. கால் ஓய்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். தூரம் இன்னும் தீரவில்லையே என்று அலுத்துக்கொண்டிருக்கலாம். உடம்புக்கு முடியல என்றும் இருக்கலாம். ஊரில் காய்ச்சல்காரனும் அதைத்தான் சொல்கிறான், வேலைக்குச் சோம்பல்படுகிறவனும் அதைத்தான் சொல்கிறான்.

"தெரியலைங்க" என்றார்.

"அந்தம்மா கேட்டது அவர் என்ன சொன்னார்னு. அது உங்களுக்கே தெரியலை. தெரிஞ்சுக்கிட்டுப் போய்ச் சொல்லுங்க."

"செத்தவர்கிட்ட எப்படிங்க கேக்கறது?"

ஸ்டெல்லா அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மலையில் மழை பிடித்துக்கொண்டது என்று செய்தி வந்த அன்று அவருக்கு ஆள் அனுப்பினாள். ஓடுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு வரச்சொன்னாள்.

இருவரும் மலைக்குப் பஸ் ஏறினார்கள். ஜன்னல் மூடியிருந்தும் உள்ளே ஊதக்காற்று வந்தது. அந்த வளைவு நெருங்கியபோது நாச்சிமுத்து முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இறங்க மாட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தார். அதற்குள் அவள் எழுந்து கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்லிவிட்டாள். நடு ரோட்டில் இறங்கிய இருவரையும் கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். குடையும் இல்லை, ஸ்வெட்டரும் இல்லை.

ஸ்டெல்லா அந்தக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்தாள். கூட்டத்தின் பருத்திப் பனியனைத்தான் போட்டிருந்தாள். அது உடனே நனைந்துபோயிற்று.

"கீழ அந்தத் திருப்பம் வரைக்கும் போங்க. அங்கிருந்து ஓடி வாங்க."

குரு சொன்னால் மறுபேச்சு இல்லை. போனார், ஓடி வந்தார். ஏற்றம், மூச்சு வாங்கியது.

"அண்ணா, முடியல" என்றாள்.

அவர் வாய் தன்னால் திறந்தது. பாதிச் சொல் வெளியே வந்தே விட்டது. மீதியை விழுங்கிக்கொண்டு நின்றார். அவ்வளவுக்குப் பிறகும் நாக்கு அதையே தேடியது. ஸ்டெல்லா கையால் கீழே காட்டினாள்.

மறுபடி ஓடி வந்தார். மறுபடி அதையே சொன்னாள். இந்தமுறை கையெடுத்துக் கும்பிட்டு, திருமூர்த்தியின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு அழுதார். அவள் கை கீழே காட்டியது. இன்னொரு முறை, பதக்கத்துக்கு ஆசைப்பட்டுத்தான் நிற்காமல் போனேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். அதற்கும் கீழேதான் காட்டினாள். ஒன்றும் பேசாமல் நின்று பார்த்தார். அதற்கும் அதே.

எத்தனை முறை ஏறி இறங்கினார் என்று அவருக்கே நினைவில்லை. மழை விடவில்லை. கால் கனத்தது. கோபம் கோபமாக வந்தது. ஒரு மனுஷன் உயிரை விட்ட இடத்தில் இதென்ன கிறுக்குத்தனம், இதை ஞானம் என்று நம்பிப் பின்னால் வந்தேனே என்று வாய்விட்டே திட்டிக்கொண்டு இறங்கினார். திருப்பத்தில் நின்று ஊருக்குப் போகிற பஸ் ஏதாவது வருகிறதா என்றுகூடப் பார்த்தார். வரவில்லை. இதுதான் கடைசி, இதோடு சரி என்று சொல்லிக்கொண்டு திரும்ப ஓடினார்.

மூடுபனி இறங்கிச் சுவரே தெரியவில்லை. கிட்டத்தில் போனபிறகுதான் அவள் தெரிந்தாள். கைகளை அக்குளில் செருகி, முட்டியோடு குனிந்திருந்தாள். இவர் வந்து நின்றது தெரிந்தும் நிமிரவில்லை. நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. தாடை ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணா" என்றாள். நாக்கு குழறியது. "முடியல."

விடை தேடி வந்த கேள்வி, திட்டிக்கொண்டு வந்த கோபம், செத்தவர், செத்தவரின் மனைவி எல்லாமே அந்த நொடியில் அவருக்கு மறந்துபோயிற்று. பயம் ஒன்றுதான் இருந்தது. தண்ணீர் ஓடுகிற ரோட்டில் அப்படியே மண்டியிட்டு அவள் கையை இழுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். மாஸ்டர் என்று கூப்பிட வாய் வரவில்லை.

"என்ன பண்ணுது கண்ணு?"

ஸ்டெல்லா தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"குளிருதுண்ணா" என்றாள்.