வெள்ளை வயிறு

“டீச்சர், இந்தப் பறவை வயித்த வெளுக்க என்ன செய்யணும்?”

கேட்டவர் ஆவுடையப்பன். தூத்துக்குடியில் வேட்டிக் கடை வைத்திருப்பவர். சட்டையில் ஒரு சொட்டு காபி பட்டால் அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்காது. அறுபது வயதில் கேமரா வாங்கி, மகள் வயதுள்ள ஜெசிந்தாவிடம் சீடராகச் சேர்ந்திருந்தார்.

ஜெசிந்தா உப்பளத்து ஓரம் உடைமர நிழலில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேமராவை வாங்கிப் பார்த்தாள்.

படத்தில் ஒரு பவளக்கால் உள்ளான். நெடுநெடுவென்று சிவந்த கால்கள், கறுத்த சிறகு, வெள்ளை உடம்பு. வயிற்றில் மட்டும் ஈரச் சேறு அப்பியிருந்தது.

“எல்லாப் படத்துலயும் இதே கதைதான். ரெண்டு வருசமா கண்காட்சிக்கு அனுப்புதேன், திருப்பி அனுப்புதான். இந்தத் தடவையாவது என் படம் ஒண்ணு சுவத்துல தொங்கணும் டீச்சர். வீட்டுல கேமராவ வித்துட்டு கிரைண்டர் வாங்கச் சொல்லுதா.”

ஜெசிந்தா சிரித்துவிட்டாள்.

“அந்தச் சேறு எங்கருந்து வருதுன்னு தள்ளி நின்னு பாத்துட்டு வாங்க அண்ணாச்சி.”

“பாத்தா சுத்தமாயிருமா?”

“பாத்துட்டு வாங்க.”

சொன்னதில் பாதியைத்தான் சீடன் காதில் வாங்குவான். ஆவுடையப்பன் ‘பாத்துட்டு வாங்க’ என்பதை எடுத்துக்கொண்டார். ‘தள்ளி நின்னு’ என்பதை மரத்தடியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

உச்சி வெயிலில் திரும்பி வந்தார். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல்.

“மாட்டிக்கிட்டுது டீச்சர்!”

கேமராவை நீட்டினார். படத்தில் இப்போது பறவையின் வயிறு பளீரென்று இருந்தது. ஒரு பொட்டு அழுக்கில்லை. அலகைப் பிளந்துகொண்டு நேராக அவரையே பார்த்தது.

“எப்படிக் கிடைச்சுது?”

“வரப்பு மேலயே போய் நின்னுட்டேன். அது உப்புப் பாத்தித் தண்ணியில போய் வயித்த நனைக்குது, என்கிட்ட ஓடி வருது, கத்துது, மறுபடி போகுது. நான் அசையணுமே! கடைசியில அதுக்கே அலுத்துப்போச்சு. கத்திக்கிட்டே வெயில்ல நின்னுச்சு. வயிறு காஞ்சு, சேறு உதிர்ந்து, பாருங்க, நம்ம கடை வேட்டி தோத்துது!”

ஜெசிந்தா கேமராவைக் கீழே வைத்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கஞ்சி போட்டுத் தேய்த்த அவர் சட்டையின் நெஞ்சில் கவிழ்த்தாள்.

ஆவுடையப்பன் துள்ளிக் குதித்தார். “என்ன டீச்சர் இது!”

“எப்படி இருக்கு?”

கோபம் மூக்கு நுனி வரை வந்தது. ஆனால் பொய் சொல்ல வரவில்லை.

“இந்த வெயிலுக்கு... குளுகுளுன்னுதான் இருக்கு.”

“வரப்புல நின்னீங்களே, கால்மாட்டுல என்ன கெடந்துச்சு?”

“என்ன கெடந்துச்சு? சரளைக்கல்லு. புள்ளி புள்ளியா, ஒரே அளவா ஒரு நாலு...”

குனிந்து தன் காலைப் பார்த்தார்.

சுற்றிலும் உப்பு கொதித்துக்கொண்டிருந்தது. வெறுங்காலை வைத்தால் தோல் உரியும். அந்தச் சூட்டில் நாலு முட்டைகள், நிழலில்லாமல், ஈர வயிறு ஒன்று வந்து மூடாமல் கிடந்திருக்கின்றன. அவர் ஒரு படத்துக்காக நின்ற நேரமெல்லாம் கிடந்திருக்கின்றன.

“ஐயோ!” என்று அந்த வரப்பைப் பார்த்து ஓடப்போனார்.

ஜெசிந்தா ஈரச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “நீங்க போனா அது வராது.”

“பின்ன என்ன செய்யட்டும்?”

“படுங்க.”

தள்ளியிருந்த வரப்புக்குப் பின்னால், பாத்திச் சேற்றில், இருவரும் குப்புறப் படுத்தார்கள். கேமரா மரத்தடியிலேயே கிடந்தது.

பறவை வெகுநேரம் வரவில்லை. ஆவுடையப்பனுக்குத் தன் நிழல் விழுந்த இடத்தையெல்லாம் துடைத்தெடுத்துவிட முடிந்தால் தேவலை என்றிருந்தது.

பிறகு அது வந்தது. தண்ணீரில் இறங்கி வயிற்றை அமுக்கி நனைத்தது. சேறு சொட்டச் சொட்ட வரப்பில் ஏறியது. அக்கம்பக்கம் பார்த்தது. நீண்ட கால்களை மடக்கி, முட்டைகளின் மேல் மெல்ல இறங்கியது.

“பொரிக்குமா டீச்சர்?”

“தெரியாது அண்ணாச்சி.”

அவர் கண்ணைத் துடைத்தார். கையிலிருந்த சேறு கன்னத்தில் ஏறியது.

நேரம் போனது. ஜெசிந்தாவுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. கைக்குட்டையை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

“எந்திரிங்க, போவோம். சட்டையெல்லாம் சேறு. துடைச்சுக்கிடுங்க.”

ஆவுடையப்பன் பறவையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ஆடாமக் கெடங்க டீச்சர்,” என்றார் கிசுகிசுப்பாக. “நாம எந்திரிச்சா அதும் எந்திரிச்சிரும்.”