வெண்கலப் பாம்பும் பத்தொன்பது கற்களும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்தே முடியாத காலத்தில், பாறையூர் என்று ஒரு நாடு இருந்தது. அதற்கு ஒரு பெரிய ஆபத்து வந்தது. பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

எதிரித் தளபதி எயினன் படையோடு வந்தான், தோற்றான், பிடிபட்டான். அதற்கு முன்பே ஒரு கொடுமை செய்துவிட்டான். பாறையூர்ப் பிள்ளைகள் நாற்பது பேரின் மூச்சை மந்திரத்தால் இழுத்துக் குடத்தில் அடைத்து, எங்கோ புதைக்கச் சொல்லிவிட்டான். பிள்ளைகள் கண் திறந்தபடி அசையாமல் கிடந்தார்கள். மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் குடம் உடையாவிட்டால் நாற்பது பேரும் கல்லாகிவிடுவார்கள்.

அரசன் கோடைமாறன் கெட்டவன் அல்ல, பயந்தவன். மந்திரவாதி கரும்பூதனைக் கூப்பிட்டான். அவன் ஒரு வெண்கலப் பாம்பைக் கொண்டுவந்தான்.

"கைதி மேல சுத்தி விடுங்க மன்னா. உண்மை வர்ற வரைக்கும் இறுக்கும். வந்தா விட்டுடும்."

முதல் நாள், பாம்பு எயினனைச் சுற்றியது. "குடம் எங்கே?" இறுக்கியது. "எங்கே?" இன்னும் இறுக்கியது. அரசனுக்குத் தம்பி மேல் எப்போதும் ஒரு சந்தேகம். "என் தம்பி வீட்டிலா?" என்றான். "ஆமாம்" என்று எயினன் அலறினான். பாம்பு தளர்ந்தது. தம்பியை விலங்கிட்டு, வீட்டை அஸ்திவாரம் வரை தோண்டினார்கள். குடம் இல்லை. பிள்ளைகள் முழங்கால் வரை கல்லானார்கள்.

இரண்டாம் நாள், "வேடர் குடிசையிலா?" "ஆமாம்!" பாம்பு தளர்ந்தது. குடிசைகளைக் கொளுத்தினார்கள். குடம் இல்லை. பிள்ளைகள் இடுப்பு வரை கல்லானார்கள்.

மூன்றாம் நாள் காலை, "ஏரிக்கரையிலா?" "ஆமாம்!" பாம்பு தளர்ந்தது. கரையை வெட்டினார்கள், வயலெல்லாம் வெள்ளம். குடம் இல்லை. பிள்ளைகள் கழுத்து வரை கல்லானார்கள்.

மருதி என்று ஒரு கல்தச்சப் பெண் இருந்தாள். பாறையூரில் ஒரு வழக்கம். போரில் செத்தவன் நம்மவனோ எதிரியோ, அவன் விழுந்த இடத்தில் அவனுக்கு நடுகல் உண்டு. அதில் அவன் பெயரும் விழுந்த இடமும் இருக்க வேண்டும். இரண்டையும் அவனைப் போருக்கு அழைத்துவந்தவன் வாயால்தான் கேட்க வேண்டும். எதிரிகளுக்கான பத்தொன்பது கற்கள் பெயரில்லாமல் கிடந்தன. இரண்டு நாளாக மருதி அவற்றைத் தொடவில்லை. அவள் தங்கை சிட்டு அந்த நாற்பதில் ஒருத்தி. எயினனை நினைத்தாலே மருதிக்கு உடம்பு எரிந்தது.

ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே. மூன்றாம் நாள் மத்தியானம் செம்பில் தண்ணீரோடு சிறைக்குள் போனாள். காவலாளி தடுக்கவில்லை. பாம்பு இன்னும் எயினன் மேல்தான் இருந்தது.

அவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்: "எதைச் சொன்னா இது விடும்? சொல்லு, அதையே சொல்லிடறேன்."

மருதி பாம்பைப் பார்த்தாள். மூன்று நாளும் வந்த உண்மை இதுதானா?

"செத்துப்போன உங்க ஆளுங்க பேரு வேணும், தளபதி. நீங்க எதைச் சொன்னாலும் அதைத்தான் வெட்டுவேன். முதல்ல தண்ணி குடிங்க."

பாம்பு தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு பேசியது: "உண்மை எதுன்னு எனக்குத் தெரியாது பொண்ணே. கேக்கறவங்க முகம் மலர்ந்தா விடுவேன். உன் முகத்துல ஒண்ணுமே தெரியலையே."

எயினன் தண்ணீர் குடித்தான். ஒவ்வொரு பெயராகச் சொன்னான், விழுந்த இடத்தையும் சொன்னான். பதினெட்டு முடிந்தது.

"கடைசி ஆள் பொன்னரியன்" என்றவன் சட்டென்று நிறுத்திவிட்டான். குடத்தைப் புதைக்கப் போனவன் அவன்தான். மருதிக்கும் புரிந்துவிட்டது. வெயில் சன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பாம்பு அவளையே பார்த்தது, அவள் ஆசைப்படுவதற்காகக் காத்திருந்தது. கத்திக் கேட்கலாம். இறுக்கச் சொல்லலாம். தொண்டை வரை வந்துவிட்டது.

"என் தங்கச்சி அந்த நாப்பதுல ஒருத்தி" என்றாள், குரல் உடைந்து. "அதை மறைச்சுக் கேட்டா அது வஞ்சகம். நீங்க இடம் சொல்லாட்டியும் அவருக்குக் கல்லு வெட்டுவேன். அதை நடறதுக்குத்தான் இடம் இருக்காது."

வதைத்துக் கேட்க அவள் மறுத்ததும், பாம்பு செத்த வெண்கலமாகத் தரையில் விழுந்தது.

எயினன் விம்மி அழுதான். "பதினெட்டு வயசு அவனுக்கு. கள்ளித்துறைல, ரெட்டைப் பாறைக்கு நடுவுல. புதைச்ச இடத்து மேலயே அம்பு பட்டு விழுந்தான்."

மருதி ஓடினாள். கல்லும் முள்ளும் பார்க்காமல் ஓடினாள். சூரியனின் கடைசி விளிம்பு முங்கும்போது உளியால் குடத்தை உடைத்தாள். நாற்பது மூச்சும் வீடு திரும்பின. நாற்பது பிள்ளைகளும் எழுந்து அம்மாவைக் கூப்பிட்டு அழுதார்கள்.

அரசன் தம்பியின் விலங்கைத் தன் கையால் கழற்றினான். வேடர்களுக்கு வீடு கட்டிக்கொடுத்தான், மருதிக்கு அரண்மனைக் கல்தச்சர் பட்டம் கொடுத்தான். கரும்பூதனை நாட்டைவிட்டு விரட்டினான். எயினனை யாரும் மன்னிக்கவில்லை, நானும் மன்னிக்கச் சொல்லமாட்டேன். ஆனால் அதன்பின் அவனை யாரும் வதைக்கவில்லை.

பத்தொன்பதாவது கல்லைக் கள்ளித்துறையில் நட்ட அன்று சிட்டு பூ வைக்க வந்தாள். குடம் உடையக் கொஞ்சம் பிந்தியதில் அவள் இடது கால் சுண்டுவிரல் மட்டும் கல்லாகவே நின்றுவிட்டது. பாறை மேல் டக், டக் என்று நடந்துவந்தாள்.

அரசன் குனிந்து கேட்டான்: "வலிக்குதா அம்மா?"

"இல்லங்க மன்னா."

அவள் சொன்னது உண்மையா, தன் முகம் மலரச் சொன்னதா என்று அரசனுக்குத் தெரியவில்லை. சாகும்வரை தெரியவில்லை.