சுரண்டப்பட்ட பெயர்

வடக்கிலிருந்து படையெடுத்து வந்த லொம்பார்டியர் உரோமையை முற்றுகையிட்டுவிட்டுத் திரும்பிப்போன வருடம் அது. போகிறபோது வயல்களுக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். நகரத்துக்குள் பஞ்சம். திருத்தந்தை ஔரேலியன் பொறுப்பேற்றதிலிருந்து சரியாகத் தூங்கியதில்லை. கால் மூட்டு இரண்டும் வீங்கிக் கிடந்தன.

ஒரு நாள் காலை திருத்தொண்டர் லியாந்தர் மூச்சு வாங்க அவர் அறைக்குள் வந்தார். திருத்தந்தையிடம் படித்து, அவரோடு இருந்தே நரைத்துப்போனவர்.

"பேராலயத்துக்குள் கூட்டம் புகுந்துவிட்டது, தந்தையே. மார்சியன் தந்தையின் கல்லறையிலிருந்த பெயரை உளியால் சுரண்டிவிட்டார்கள். பஞ்சத்துக்கு அவர்தான் காரணமாம். களஞ்சியத்தைக் காலி செய்துவிட்டாராம்."

மார்சியன் முந்தைய திருத்தந்தை. இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"யாருக்காவது அடிபட்டதா?"

"இல்லை."

"சரி."

அந்தச் 'சரி' லியாந்தருக்குப் போதவில்லை. "நாளைக்கு உங்களுக்கும் இதைத்தான் செய்வார்கள். பீடத்துக்கு மேலே, கை எட்டாத உயரத்தில் உங்கள் பெயரைப் பதிக்கச் சொல்கிறேன். உங்களுக்குப் பிறகு என்ன மிஞ்சும் என்று நீங்கள் யோசித்ததே இல்லையா?"

திருத்தந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சமையற்கட்டில் கஞ்சி இருக்கும். ஒரு பானை எடுத்துக்கொள். போய்விட்டு வரலாம்."

ஆற்றங்கரைச் சந்துகள் வழியாக நடந்தார்கள். வழியில் நின்றவர்கள் யாரும் வணங்கவில்லை. ஒருவன் காறித் துப்பினான். லியாந்தருக்கு முகம் எரிந்தது. திருத்தந்தை நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

பாதி இடிந்த ஒரு வீட்டின் படிக்கட்டில் அவர் ஏற நேரம் பிடித்தது. லியாந்தர் பானையோடு முந்திப் போய்விட்டார். உள்ளே ஒரு கிழவி. பார்வை இல்லாதவள். காலடிச் சத்தம் கேட்டதும் இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

பின்னாலிருந்து திருத்தந்தை ஏதோ மெல்லச் சொன்னார். அவள் கைகளை இறக்கினாள்.

"நீதானா தம்பி. கூட யாரு?"

"நம்ம ஆள்தான். கஞ்சி தூக்கி வந்தார்."

அவள் இரண்டு வாய் குடித்தாள். "ஆறிப்போச்சு. உனக்கு முன்னால வந்தவர் சூடாத்தான் கொண்டுவருவார். குளிர்காலத்துல வந்ததும் அடுப்பைப் பத்தவைப்பார். இருமிக்கிட்டே ஊதுவார், பாவம். திடீர்னு வர்றதை நிறுத்திட்டார்."

லியாந்தர் நிமிர்ந்தார். மார்சியன் தந்தை இருமி இருமித்தான் இறந்தார். அது ஊருக்கே தெரியும்.

"அவர் பேர் என்னம்மா?"

"கேக்கலியே. பசிச்ச நேரத்துல யாரு பேரைக் கேட்டா?" கிழவி திருத்தந்தை இருந்த பக்கம் திரும்பினாள். "இருக்காரா தம்பி?"

"போய்விட்டார், அம்மா."

கிழவி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அப்புறம் வெகுநேரம் அதைத் தொடவில்லை. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது திருத்தந்தை பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. லியாந்தரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவர் யார் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம்," என்றார் லியாந்தர். "நீங்கள் யார் என்றாவது."

"களைப்பாக இருக்கிறது, லியாந்தர்."

கீழே தெருவில் ஒரு வண்டி போனது. அதன் சத்தம் அடங்கியதும் லியாந்தர் கேட்டார்.

"அப்படியானால், பெயர் பதிக்கிற விஷயம்?"

திருத்தந்தை மூட்டைத் தேய்த்துக்கொண்டார்.

"நாளைக்கு என்னால் இந்தப் படி ஏற முடியாது. நீ வா. அவள் பெயர் பவுஸ்தினா. கீழே நிற்கும்போதே பெயரைச் சொல்லிக் கூப்பிடு. சொல்லாமல் போனால் பயந்துவிடுவாள்."