சொர்ணப்பன் கம்பி மாட்டிய கதை

கோணமடைக்குளத்து ஆட்களை முட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஊரில்தான் நான் பெண் எடுத்திருக்கிறேன், திரும்ப அங்கே போய்ச் சாப்பிட வேண்டும். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜனங்கள், அவ்வளவுதான். "கொஞ்சம் இருங்க, வந்துடுறேன்" என்று யாராவது சொல்லிவிட்டுப் போனால், அவர் செத்தே போனாலும் இவர்கள் இருப்பார்கள்.

அந்த ஊர் சொர்ணப்பனுக்கு ஒரு கஷ்டம் வந்தது. தாய்மாமன் தர்மக்கண்ணு மகள் செண்பகம் என்றால் அவனுக்கு உயிர். அவளுக்கும் அப்படித்தான். ஆனால் மாமா பலகாரக் கடைக்காரர், கறாரான ஆள். "வேலைவெட்டி இல்லாத பயலுக்கு எம்பொண்ணு கிடையாது. தை மாசத்துக்குள்ள ஒரு வேலையில சேரு. இல்லைன்னா வெளியூர் மாப்பிள்ளைக்குக் குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டார்.

டவுன் நூல் மில்லில் வாட்ச்மேன் வேலை காலியாக இருந்தது. மில் மானேஜர் பட்டாளத்திலிருந்து வந்தவர். கம்பியைப் பிடித்துத் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேலே வருகிற மாதிரி பத்து தடவை உடம்பைத் தூக்கிக் காட்டுகிறவனுக்குத்தான் வேலை என்றார். சொர்ணப்பனால் ஒரு தடவைகூட முடியவில்லை. "பழகிட்டுப் பொங்கல் சமயத்துல வந்து காட்டு" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதான்.

கூட்டாளிகள் ஆவுடையும் உச்சிமாளியும் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்கள்.

"அழாதலே. நம்ம வேப்பமரத்துக் கொப்புல தொங்கிப் பழகு" என்றான் உச்சிமாளி.

"மரத்துல தொங்கிப் பழகினா மில்லுல எப்படிலே வேலை குடுப்பான்? குரங்குக்கே குடுத்திருப்பானே!" என்றான் ஆவுடை. ஊரில் யோசனை சொல்ல ஆவுடையை விட்டால் ஆள் இல்லை. ஊர் எந்த லட்சணத்தில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் கொடுத்து ஒரு கம்பி செய்தார்கள். சுவரோடு சேர்த்து முறுக்குவதற்கு ரெண்டு பக்கமும் இரும்புக் கை வைத்தது. ரெண்டு பேர் மூச்சுப் பிடித்தால்தான் தூக்க முடியும். அதைச் சொர்ணப்பன் வீட்டு நடுச்சுவரில் மாட்டுவது என்று முடிவானது. ஹாலோ பிளாக் கல் வைத்துக் கட்டிய சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் சொர்ணப்பன் வீடு, அந்தப் பக்கம் மாமா வீடு.

இரும்புக்கடை மீரான் பாய் பொறுமையாக விளக்கினார். "ஹாலோ பிளாக்னா உள்ளே காலி, தம்பி. சும்மா போல்ட் அடிச்சுத் தொங்கினா கம்பியும் நீங்களும் ஒண்ணாக் கீழ வருவீங்க. முதல்ல தட்டிப் பாருங்க. அப்புறம் அந்தப் பக்கம் வரைக்கும் துளை போட்டு, நீள போல்ட் விட்டு, ரெண்டு பக்கமும் தகடு வச்சு முறுக்குங்க. ஒத்தப் பக்கமா பாரம் இழுத்தா இந்தச் சுவர் தாங்காது, பாத்துக்கோங்க."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சுவரைத் தட்டினார்கள்.

"யாரு?" என்றது சுவர். மூன்று பேரும் ஓரடி பின்னால் போனார்கள்.

"உள்ளே காலின்னு பாய் சொன்னாரே. ஆள் இருக்காரே!" என்றான் உச்சிமாளி.

"பாய் பொய் சொல்லமாட்டார். அவர் சொன்னதுக்கு அப்புறம் யாரோ குடி வந்திருக்காங்க" என்றான் ஆவுடை.

சொர்ணப்பன் காதை வைத்துக் கேட்டான். "எங்க மாமா குரல் மாதிரி இருக்குலே."

"அவ்வளவு பெரிய வீட்டை விட்டுட்டு உங்க மாமா ஏன்லே சுவருக்குள்ள போயிருக்கணும்?" என்றான் உச்சிமாளி.

சொர்ணப்பன் கொஞ்சம் யோசித்தான். "எங்க அத்தை வாயை நீ கேட்டதில்லையே."

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. ஆவுடை மரியாதையாகக் குரல் கொடுத்தான். "மாமா, துளை போடப் போறோம். கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க!"

"ஒதுங்கிட்டேன்பா!" என்று பதில் வந்தது. டிரில் மெஷினை வைத்து அழுத்தினார்கள். அது உறுமிக்கொண்டு சுவருக்குள் போய், மாமா வீட்டு அடுக்களையில் மூக்கை நீட்டி நின்றது.

தர்மக்கண்ணு மாமாவும் அதே ஊர்க்காரர்தானே. அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "ரொம்ப நாளா இந்த இடத்துல ஒரு ஆணி இல்லைன்னு நினைச்சேன்" என்று சட்டையைக் கழற்றி அதில் மாட்டினார். இந்தப் பக்கம் ஆவுடை மறுபடி சுவிட்சைப் போட்டான். சட்டை கிறுகிறுவென்று சுற்றியது. மாமா முகத்தை அதற்கு நேராகக் காட்டி, "அடடா, என்னமா காத்து வருது!" என்று வியர்வை ஆற்றிக்கொண்டார்.

எப்படியோ கம்பி ஏறிவிட்டது. தகடு வைத்து, போல்ட்டை முறுக்கியதும் கல்லு மாதிரி நின்றது. சொர்ணப்பன் செண்பகத்தை நினைத்துக்கொண்டு கையைத் தூக்கினான்.

"நில்லுலே!" என்று ஆவுடை கத்தினான். "ஒத்தப் பக்கமா பாரம் இழுக்கக் கூடாதுன்னு பாய் சொன்னாரா இல்லையா? நீ இங்க தொங்கினா அங்க யாரு தொங்குறது?"

நல்லவேளை கேட்டான். அதே மாதிரி இன்னொரு கம்பி செய்து மாமா வீட்டுப் பக்கமும் மாட்டினார்கள். மகள் வாழ்க்கை ஆச்சே, மாமா மறுப்புச் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தொங்கினார். ஆனால் மாமா தான் போடும் பலகாரத்தைத் தானே ருசி பார்க்கிறவர். ஆள் நெல் கொட்டுகிற பத்தாயம் மாதிரி இருப்பார்.

"சுவர் அந்தப் பக்கம் சாஞ்சுருமே!" என்றான் உச்சிமாளி.

"அப்ப நீ இவன் காலைப் பிடிச்சுத் தொங்கு. சரியாப் போயிரும்" என்றான் ஆவுடை.

அன்றிலிருந்து விடிந்தால் இதுதான் வேலை. அந்தப் பக்கம் மாமா தொங்குவார். இந்தப் பக்கம் சொர்ணப்பன், அவன் காலில் உச்சிமாளி. முதலில் கை விட்டுப் போகிற மாதிரி வலித்தது. செண்பகம் வந்து விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டு, "எனக்காகப் பொறுத்துக்கோங்க அத்தான்" என்று கண் கலங்கினாள். அதற்கு அப்புறம் அவன் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. உச்சிமாளியையும் சேர்த்துத் தூக்கிப் பழகியதில், பொங்கல் நெருங்கும்போது அவன் தோள் ரெண்டும் உரல் மாதிரி ஆகிவிட்டது.

பரீட்சை நாள் வந்தது. கூட்டாளிகளோடு மாமாவும் துணைக்கு வந்தார். மில்லின் மதில் சுவரில் கம்பி மாட்டியிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, மதிலில் முதுகைச் சாய்த்து மானேஜர் உட்கார்ந்திருந்தார். அவரும் நல்ல கனம்.

"ம், தொங்கு" என்றார்.

"ஒரு நிமிஷம் ஐயா" என்று சொர்ணப்பன் கூட்டாளிகளைப் பார்த்தான். ஆவுடை மானேஜரை ஏற இறங்கப் பார்த்து, "இவர் சாஞ்சிருக்கிறதும் பாரம்தானே. நாங்க ரெண்டு பேரும் போறோம்" என்று உச்சிமாளியை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினான். மாமாவும் பின்னாலேயே போய், குனிந்து முதுகைக் கொடுத்து, ரெண்டு பேரையும் மதில் மேலே எட்டவிட்டார். "தொங்கியாச்சுலே!" என்று வெளியிலிருந்து சத்தம் வந்தது.

காலில் யாரும் இல்லாததால் சொர்ணப்பன் பூவாட்டம் மேலே போனான். பத்து என்ன, மானேஜர் போதும் போதும் என்று சொல்கிற வரைக்கும் ஏறி இறங்கினான்.

"சபாஷ்! வேலை உனக்குத்தான்" என்றார் மானேஜர். வெளியே மாமா, "மாப்பிள்ளே!" என்று கூப்பிட்டார். சொர்ணப்பனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அப்போதுதான் மானேஜர் அண்ணாந்து பார்த்தார். மதில் மேலே நாலு கை தெரிந்தது.

"எவன்டா அது? இதுதான் உன் முதல் வேலை. போய் அவனுங்களை இறக்கு!"

சொர்ணப்பன் கைகட்டி நின்றான். "இறக்கிடுறேன் ஐயா. முதல்ல நீங்க எந்திரிச்சு இப்படி வந்துருங்க. நீங்க சாஞ்சிருக்கீங்கல்ல, சுவர் இந்தப் பக்கம் விழாம அவங்கதான் அங்க தொங்கிப் பிடிச்சிருக்காங்க."

மானேஜர் மேலே பார்த்தார். சுவரைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப் போனது.

"இத்தனை வருஷமா யாருமே தொங்காமலா நான் இங்க சாஞ்சு உக்காந்திருந்தேன்?"

அங்கேயே, அப்போதே, ஆவுடைக்கும் உச்சிமாளிக்கும் மில்லில் வேலை போட்டுக் கொடுத்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் மறுபடி சாயப் போனவர், பாதியில் நிமிர்ந்து சொர்ணப்பனைக் கவலையோடு பார்த்தார்.

"ஏம்பா, மத்தியானம் இவங்க சாப்பிடப் போனா யாரு தொங்குவா?"