லுங்தாருக்கு எவ்வளவு தூரம்?

பனிமலைகளுக்கு அப்பால், வடகோடியில், சோமாங் என்றொரு சிற்றூர். அங்கே மடத்துச் சமையலைப் பார்த்துவந்த தோன்டுப்புக்கு ஐம்பதை நெருங்கும் வயது. கொஞ்ச நாளாக யாரைக் கண்டாலும் அவனுக்கு ஒரே கேள்விதான்.

"இங்கிருந்து லுங்தாருக்கு எவ்வளவு தூரம்?"

"பாதை திறந்திருந்தால் இரண்டு நாள்" என்றார் லாரி ஓட்டுநர்.

"என் ஆடுகளைக் கேட்டால் ஒரு மாதம் என்று சொல்லும்" என்றார் மேய்ப்பர்.

"மேகம் வழிவிட்டால் அரை மணி நேரம்" என்றார், எப்போதாவது வந்திறங்கும் குட்டி விமானத்தின் விமானி.

இருப்பது ஒரே லுங்தார், தூரம் மட்டும் ஆளுக்கொன்றா? தோன்டுப்புக்குத் தலை சுற்றியது.

லுங்தார் அவன் பிறந்த ஊர். வயல் வரப்புக்காக அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவன், பிறகு அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்கவில்லை. இப்போது அண்ணனைப் பார்க்க மனம் அடித்துக்கொண்டது. வாசலிலேயே விரட்டிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் கூடவே இருந்தது.

லுங்தாரில் ஒரு பூஜைக்குப் போயிருந்த குரு பாசாங், அன்று காலை விமானத்தில் திரும்பினார். அவர் பையை வாங்கிக்கொள்ள ஓடுதளத்துக்குப் போனவன் அங்கேயே ஆரம்பித்துவிட்டான்.

"குருவே, மூவர் மூன்று கணக்குச் சொல்கிறார்கள். எது உண்மை?"

"மூன்றும்தான். நீ எதில் போகப்போகிறாய்?"

"போவதாகச் சொல்லவில்லையே. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்."

குரு சிரித்தார். "உன் அண்ணன் வீட்டில்தான் தங்கியிருந்தேன்."

"என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?"

"ஒரு வார்த்தை கேட்கவில்லை."

அவன் முகம் தொங்கிப்போனது. "எப்படிக் கேட்பார்? நான் செய்தது அப்படி."

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து கிளம்புகிறவர் பெயரில் ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றி, தொடாமல் வைத்துவிடுவார்கள். அவர் திரும்பி வந்து குடிக்க வேண்டும் என்று அர்த்தம். அத்தனை கோபத்திலும் அண்ணன் ஊற்றி வைத்த கோப்பையைத் தோன்டுப் கவிழ்த்துவிட்டு வந்திருந்தான். இனி வரமாட்டேன் என்று சொல்ல அதைவிடப் பெரிய வார்த்தை அந்த ஊரில் கிடையாது.

"அந்தக் கோப்பை இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டான்.

"சன்னலோரமாக இருக்கிறது. நேற்று நடுப்பகலில், எனக்கு ஊற்றுவதற்கு முன்னால் உன் அண்ணன் அதில்தான் தேநீர் ஊற்றினார். தினமும் ஊற்றுவாராம். ஆறிப்போனதும் கொட்டிவிடுவாராம். உன் அண்ணி சொன்னார்."

தோன்டுப் மேலங்கியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். லுங்தாருக்குத் திரும்ப விமானம் உறுமத் தொடங்கியது. ஏறுகிறவர்கள் ஏறலாம் என்று விமானி கூப்பிட்டார்.

கேட்டுப் பழகிய வாய் சும்மா இருக்குமா என்ன? அவன் மறுபடியும் கேட்டான்.

"லுங்தாருக்கு எவ்வளவு தூரம், குருவே?"

குரு அவன் கையிலிருந்து தம் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இப்போது ஏறினால், இன்றைய தேநீரைச் சூடாகவே குடித்துவிடலாம்."