கருவேல மரத்து மாதிரிக் கூடு

நாணல் அடர்ந்த ஒரு குளம். அதன் கரையில் கருவேல மரம் ஒன்று தண்ணீரின் மேல் சாய்ந்து நின்றது. அதன் தாழ்ந்த கிளையில் ஒரு கூடு தொங்கியது. அதில் யாரும் குடியிருக்கவில்லை. தூக்கணாங்குருவிகள் எல்லோருக்கும் பொதுவான மாதிரிக் கூடு அது.

கூடு கட்டத் தெரியாத குருவி அங்கே வரும். கூட்டின் நாரை இழுத்துப் பார்க்கும், உள்ளே புகுந்து பார்க்கும், பின்னலைப் பழகிக்கொண்டு போய்த் தன் மரத்தில் கட்டும். யாருக்காவது நல்ல வழி ஒன்று புதிதாகத் தோன்றினால், அதை மாதிரிக் கூட்டிலும் பின்னிவிட்டுப் போகும். காற்றில் ஆடாமலிருக்க உள்ளே ஈரமண் அப்பியது வாலாட்டி என்ற குருவி. மழை உள்ளே அடிக்காதபடி வாசலைக் குழாய் போலக் கீழே நீட்டியது தினைக்கொத்தி என்ற பெண்குருவியின் தந்தை. இப்படிப் பல அலகுகள் பட்டு வளர்ந்த கூடு அது.

மரம் மட்டும் பொன்முடி என்ற குருவியுடையது. காக்கை வந்தால் அவன்தான் விரட்டுவான். அறுந்த நாரை எடுத்துக் கட்டுவான். அதனால் எல்லோருக்கும் அவன்மேல் மரியாதை.

ஒருநாள் அவ்வழியே போன கிளி ஒன்று கூட்டைப் பார்த்து நின்றது.

"அடடா! இவ்வளவு நேர்த்தியான கூடு யாருடையது?"

"என்னுடையது!" என்றான் பொன்முடி. சொல்லிய பிறகு அந்தச் சொல் அவனுக்கு இனித்தது.

மறுநாளே கூட்டைச் சுற்றி முள்ளை அடைத்தான். அடியில் ஒரு குருவி மட்டும் நுழையும் அளவுக்குச் சந்து விட்டான். மனைவியை அழைத்து வந்து கூட்டில் குடியேறினான்.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதன்முறை கூடு கட்டப்போகும் குருவிகள் வந்து பார்த்துத் திகைத்தன.

"பொன்முடி அண்ணா, வழி விடுங்கள்! பின்னலைப் பார்க்க வேண்டும்" என்றாள் தினைக்கொத்தி.

"இனி யாரும் பார்க்க முடியாது. இது என் கூடு."

"மரம் உங்களுடையது, சரி. கூடு எப்படி உங்களுடையதாகும்? மண் அப்பியது வாலாட்டி. வாசல் என் அப்பா பின்னியது!"

"என் கிளையில் தொங்குவது என்னுடையது! போ!"

குருவிகளுக்குக் கோபம் பொங்கியது. "கொத்திக் கிழித்துவிடுவோம்!" என்று கத்தின.

தினைக்கொத்தி தடுத்தாள். "கிழித்தால் அலகில் வெறும் நார்தான் மிஞ்சும். நமக்கு வேண்டியது பின்னல். அது நம் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறதே! வாருங்கள்."

அக்கரையில் ஓர் ஈச்ச மரம் இருந்தது. அங்கே நினைவிலிருந்து பின்னத் தொடங்கினார்கள். முதலில் கட்டிய கூடு தொப்பென்று குளத்தில் விழுந்தது. அடுத்தது கோணிக்கொண்டு தொங்கியது. "அந்த முடிச்சு இப்படி இல்லை, உள்பக்கமாக வரும்!" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அவிழ்த்துப் பின்ன, மெல்ல மெல்லக் கூடு உருவானது. அதைப் பார்த்து இன்னும் சில மரங்களிலும் மாதிரிகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

"எதற்கு இத்தனை?" என்று கேட்டான் வாலாட்டி.

"ஒரு மரம் கைவிட்டாலும் இன்னொரு மரம் இருக்கட்டும்" என்றாள் தினைக்கொத்தி.

மழையோடு அந்த வருடம் கொம்பேறி மூக்கனும் வந்து சேர்ந்தது. மெலிந்த பாம்பு அது. கிளைவழியே இறங்கி, குழாயைச் சுற்றிக்கொண்டு, கீழ்வாசலில் தலையை நுழைத்து முட்டைகளை விழுங்கியது. ஈச்ச மரத்தில் முட்டைகளைப் பறிகொடுத்த ஒரு குருவி அழுது ஓய்ந்த பிறகு யோசித்தது. குழாயில் பிடி கிடைப்பதால்தானே பாம்பு தலையை உள்ளே நுழைக்கிறது? வாசல் ஓரத்தை இறுக்கி முடிச்சிடாமல் தளரவிட்டது. அடுத்த முறை பாம்பு வந்தபோது நார் நழுவியது. பாம்பு குளத்தில் விழுந்தது! அன்றே எல்லா மாதிரிக் கூடுகளிலும் வாசல் ஓரத்தைத் தளர்த்தினார்கள்.

பொன்முடிக்கு மட்டும் இது தெரியாது. அவன் கூட்டைப் பார்க்கவும் திருத்தவும் யாரும் வருவதில்லையே.

ஒருநாள் காலை அவன் அலறல் குளம் முழுக்கக் கேட்டது. "ஐயோ! என் குஞ்சுகள்!"

குருவிகள் பறந்து வந்தன. முள் அவர்களை நிறுத்தியது. பாம்பையோ அந்த முள் நிறுத்தவில்லை! அது முட்களுக்கிடையே வழுக்கி இறங்கி, குழாயை இறுகச் சுற்றிக்கொண்டிருந்தது.

தினைக்கொத்தி அடிச்சந்து வழியே நுழைந்தாள். "அண்ணா, வாசல் நாரை இழுங்கள்!"

"கூடு பிரிந்துவிடுமே!"

"பிரியட்டும்! இழுங்கள்!"

இருவரும் முடிச்சைக் கொத்தி இழுத்தார்கள். குழாய் பிரிந்தது. பிடி நழுவிய பாம்பு பொத்தென்று தண்ணீரில் விழுந்து நீந்திப் போனது. பாதிக் கூட்டுக்குள் குஞ்சுகள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் ஆபத்தில்லை.

பொன்முடி தலை குனிந்தான். "தங்கச்சி, பாம்பை விழச்செய்யும் வாசலை எனக்கும் சொல்லித் தருவாயா?"

"என்னைக் கேட்க வேண்டியதில்லை. அக்கரையில் தொங்குகிறது. போய்ப் பாருங்கள்."

பொன்முடி முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குளத்தில் போட்டான். பிறகு அக்கரைக்குப் போய் வாசலை வெகுநேரம் பார்த்தான். திரும்பும்முன், மாதிரிக் கூட்டின் மேல்முனையில் ஒரு நார் இளகியிருப்பதைக் கண்டான். நாணல் கீற்று ஒன்றைக் கிழித்து வந்து, அதை இறுக்கிக் கட்டிவிட்டுப் பறந்தான்.

பலர் சேர்ந்து வளர்த்த அறிவைத் திறந்து வைத்தால் அது எல்லோரையும் காக்கும். அடைத்து வைத்தால் அடைத்தவனையே கைவிடும்.