ஆண் மீன் போன பிறகு

ஆவுடையப்பன் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் உயரத்திலிருந்தே கடலைப் பார்த்தவருக்கு, அதை வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. உப்புத் தண்ணீர் மீன் கடை வைத்திருந்த ஜெனோவாவிடம் போனார். அவளுக்கு அவருடைய மூத்த மகளின் வயசுதான். ஆனாலும் முதல் நாளிலிருந்தே "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, நான் மீன் விக்கிறவ. டீச்சர் இல்ல."

"கத்துக் குடுக்கிறவங்க டீச்சர்தானே?"

அவள் அதற்குமேல் மறுக்கவில்லை. மீனே விடாமல், வெறும் தண்ணீரையும் பாறையையும் மாதக்கணக்கில் கவனிக்கச் சொன்னாள். பொறுத்தார். அதன்பிறகுதான் மாலத்தீவிலிருந்து தருவித்த, ராஸ் என்கிற பவளப்பாறை மீன்களைக் கொடுத்தாள். லேசில் கிடைக்காத இனம். ஓர் ஆண், மூன்று பெண். ஆண் செம்பருத்திச் சிவப்பு. துடுப்போரத்தில் நீலக் கரை. பெண்கள் மங்கின ஆரஞ்சு.

அந்த ஆண் ஒரு காலையில் தரையில் செத்துக் கிடந்தது. மூடியில் குழாய்க்காக விட்டிருந்த இடைவெளி வழியே துள்ளி வெளியே விழுந்திருந்தது.

அதே வாரம் ஜெனோவா கடையை மூடப்போவதாகச் சொன்னாள். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. பிள்ளைகளோடு அங்கே குடிபோகிறாள்.

"போறதுக்கு முன்னால ஒரு ஆண் மீன் மட்டும் வரவழைச்சுத் தந்துருங்க, டீச்சரம்மா."

"வேண்டாம் அண்ணாச்சி."

"என்ன விலைன்னாலும் சரி."

"விலைக்காகச் சொல்லல."

ஆவுடையப்பனுக்கு மனசு சுருங்கிப்போனது. கிளம்புகிற அவசரத்தில் தட்டிக்கழிக்கிறாள் என்று நினைத்தார். அப்புறம் கடைப்பக்கமே போகவில்லை.

பயணம் நெருங்கியபோது ஜெனோவாவே அவர் வீட்டுக்கு வந்தாள். தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூணுல பெரிசு எது அண்ணாச்சி?"

"அந்தா, அதுதான். இப்பல்லாம் மத்த ரெண்டையும் விரட்டிக்கிட்டே திரியுது. சண்டைக்காரி."

"துடுப்பைப் பாருங்க."

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். துடுப்போரத்தில் மெல்லிசாக நீலம் ஓடியிருந்தது. வயிற்றுப் பக்கம் சிவப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

"ஆணா மாறுதா?"

"ஆமா. இந்த இனத்துல ஆண் போயிட்டா பெரிய பெண்ணு ஆணாயிரும்."

"நான் வேற ஆணைக் கொண்டாந்து விட்டிருந்தா?"

"இது பெண்ணாவேதான் இருந்திருக்கும்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா மாறிருச்சா, மாறிருச்சான்னு கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பாத்திருப்பீங்க."

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

அப்போது ஜெனோவாவின் போன் அடித்தது. திருச்செந்தூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவளிடம் மீன் வாங்கியவர். குரல் வெளியில் கேட்கிற அளவுக்குப் பதற்றம்.

"ராஸ் மீன் மணலுக்குள்ள போயிருச்சும்மா. நேத்திலிருந்து காணல. தோண்டிப் பாக்கட்டா?"

ஜெனோவா போனை ஆவுடையப்பனிடம் நீட்டினாள்.

"நானா?"

அவள் காப்பியை எடுத்துக்கொண்டாள்.

"ஐயா, வணக்கம்..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "தோண்டாதீங்க. ராஸ்ல சில வகை அப்படித்தான். பயந்தா மணலுக்குள்ள போய்ப் படுத்துக்கும். விளக்கைக் குறைச்சு வைங்க. மணல் எத்தனை விரல் உயரம்? சரி, அது போதும். பசிச்சா தானா தலையை நீட்டும். நீங்க கிட்டப் போய் நிக்காதீங்க, அவ்வளவுதான்."

தன் தொட்டியின் மூடியைப் பார்த்தார்.

"தொட்டிக்கு மூடி இருக்கா? குழாய் போற இடத்துல சந்து இருந்தா வலை கட்டிருங்க. இன்னைக்கே கட்டுங்க."

அந்தப் பக்கம் குரல் தணிந்தது. கடைக்காரர் நன்றி சொன்னார். ஆவுடையப்பன் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

பெரிய மீன் பாறையைச் சுற்றிவந்து, மற்ற இரண்டுக்கும் முன்னால் துடுப்பை விரித்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போனப்புறம் எனக்கொரு சந்தேகம் வந்தா யார்கிட்டம்மா கேப்பேன்?"

ஜெனோவா காலி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மஸ்கட்லயும் ஒரு தொட்டி வைக்கணும்னு இருக்கேன் அண்ணாச்சி. எனக்குச் சந்தேகம் வந்தா எந்த நேரத்துல கூப்பிட்டா நீங்க போனை எடுப்பீங்க?"